பிள்ளை பெற்றவளுக்குப் போடும் தையல்

பிரசவக் கதை என்றால் நம் வீட்டுப் பெண்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். வலி எத்தனை மணிக்கு எடுத்தது, பனிக்குடம் எங்கே உடைந்தது, ஆட்டோ கிடைத்ததா, குழந்தை எத்தனை கிலோ, மூக்கு யார் ஜாடை, எல்லாம் வரும். ஒன்று மட்டும் வராது. "தையல் போட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்பாள். "ம், போட்டாங்க" என்று மற்றவள் சொல்வாள். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அரசு மருத்துவமனைகளின் பிரசவ வார்டுகளில் 34 ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். இந்தத் தையலை எத்தனை முறை பார்த்திருப்பேன், எத்தனை முறை ஊசியில் நூல் கோத்துக் கொடுத்திருப்பேன், பிறகு நானே எத்தனை போட்டிருப்பேன் என்று கணக்கு இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஆற அமரப் படித்தபோதுதான் இதற்கு ஒரு நீண்ட வரலாறு இருப்பது தெரிந்தது. அதில் ராஜாக்கள் இல்லை, போர் இல்லை. நூலும் ஊசியும், பெண்களின் பொறுமையும்தான் இருக்கின்றன. கூச்சப்படாமல் படியுங்கள். இதைப் படிக்கும் ஆண்களும் ஒருத்தி பெற்ற பிள்ளைகள்தானே.

முதலில் காயம் எது என்று சொல்லிவிடுகிறேன். குழந்தை வெளியே வரும் வாய்க்கும் மலவாய்க்கும் நடுவில் உள்ள பகுதியை டாக்டர்கள் பெரினியம் என்பார்கள். நாலு விரல் அகலம்கூட இராது. ஆனால் உட்கார, நடக்க, இரும, மலம் கழிக்க, எல்லாவற்றுக்கும் அந்த இடம் வேண்டும். குழந்தையின் தலை வரும்போது அது ரப்பர் போல விரியும். சிலருக்குத் தாங்கிக்கொள்ளும், சிலருக்குக் கிழியும். தோல் மட்டும் கிழிந்தால் முதல் நிலை. தோலுக்குக் கீழே தசையும் கிழிந்தால் இரண்டாம் நிலை. மலவாயை இறுக்கிப் பிடிக்கும் வளையத் தசையும் கிழிந்தால் மூன்றாம் நிலை. மலக்குடல் வரைக்கும் போய்விட்டால் நான்காம் நிலை. பெரும்பாலும் நாங்கள் பார்ப்பது முதல் இரண்டும்தான். கத்தரியால் டாக்டரோ நர்ஸோ வெட்டிவிடும் எபிசியாட்டமியும் ஆழத்தில் இரண்டாம் நிலைக் கிழிசல் மாதிரிதான்.

என் அம்மா காலத்தில் வீட்டில் மருத்துவச்சி பார்த்த பிரசவத்தில் தையல் கிடையாது. காலைச் சேர்த்து வைத்துப் படு என்பார்கள், வெந்நீர் ஊற்றுவார்கள். சின்னக் கிழிசல் தானாக ஆறிவிடும். பெரிய கிழிசல் கோணல்மாணலாக ஆறும். மலத்தையும் காற்றையும் அடக்க முடியாமல் போன பெண்கள் அதை யாரிடமும் சொல்லாமல் வாழ்ந்து முடித்தார்கள். ஆகவே தையலே கூடாது என்று சொல்ல இந்தக் கட்டுரை இல்லை. எந்தத் தையல், எந்த நூல், அதை முடிவு செய்தது யார் என்பதுதான் பேச்சு.

இந்தத் தையலைப் பற்றிய பழைய குறிப்புகளில் ஒன்று இத்தாலியின் தெற்கே உள்ள சலெர்னோ நகரத்திலிருந்து வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் அங்கே பெரிய மருத்துவப் பள்ளி இருந்தது. ட்ரோட்டுலா என்ற பெண் மருத்துவரின் பெயரால் வழங்கும் நூல் அங்கே பிறந்தது. அதில் பிரசவத்தில் கிழிந்த இடத்தைப் பட்டு நூலால் மூன்று நான்கு இடத்தில் தைக்கச் சொல்லியிருக்கிறது. மேலே மூலிகைப் பொடி தூவ வேண்டும். தாய் எட்டு ஒன்பது நாள் படுக்கையை விட்டு எழக்கூடாது. இருமல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதைப் படித்ததும் ஆச்சரியம். இருமினால் தையல் இழுக்கும் என்பது தைத்தவருக்கோ தைக்கப்பட்டவளுக்கோதான் தெரியும்.

பிறகு பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் இந்தப் பேச்சு பெரிதாக இல்லை. 16ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் அம்புவாஸ் பாரே என்ற அறுவை மருத்துவர் பிரசவக் கிழிசலைத் தைப்பதைப் பற்றி எழுதினார். போர்க்களத்தில் வெட்டுக்காயம் தைத்துத் தைத்துக் கை தேர்ந்தவர். அவருடைய மாணவர் கில்லெமோ 1609ல் ஒரு மகப்பேறு நூலே வெளியிட்டார். அதிலும் கிழிசலைத் தைத்துச் சேர்க்கும் முறை உண்டு. ஆனால் அன்றைக்கு இருந்த நிலையில் தைத்த காயம் சீழ் பிடித்து மறுபடி பிரிவதே அதிகம். மரப்பு ஊசி கிடையாது, கிருமி என்ற பேச்சே கிடையாது. அந்த வலியைத் தாங்கி, அது பிரிந்தும் போனால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்?

அடுத்து ஒரு வருத்தமான அத்தியாயம். இது பெரினியத் தையல் அல்ல, அதற்குப் பக்கத்து வீட்டுக் கதை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் மரியன் சிம்ஸ் என்ற டாக்டர் 1840களில் ஒரு ஆராய்ச்சி செய்தார். நாள் கணக்கில் பிரசவ வலிப்பட்டு, குழந்தையின் தலை அழுத்தியதால் மூத்திரப்பைக்கும் பிறப்பு வழிக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிடும். சிறுநீர் இரவும் பகலும் ஒழுகும். அதை எப்படி அடைப்பது என்பதே ஆராய்ச்சி. அவர் அறுத்துத் தைத்துப் பார்த்தது அடிமைப் பெண்களின் உடம்பில். அனார்க்கா, லூசி, பெட்ஸி என்ற மூன்று பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. மயக்க மருந்து கொடுக்கவில்லை. பட்டு நூலில் தைத்தால் சீழ் பிடித்தது. கடைசியில் வெள்ளிக் கம்பியை நூல் போல மெல்லியதாக இழுத்துத் தைத்தார். 1849ல் அனார்க்காவுக்கு வெற்றி கிடைத்தது. அவளுக்கு அது முப்பதாவது அறுவை. சிம்ஸுக்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்தார்கள். அந்தப் பெண்களை எண்ணிப் பார்த்து 2018ல் அந்தச் சிலையை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். எந்த நூல் நல்லது என்று உலகம் கற்றுக்கொண்டதற்கு அந்த மூவரும் கொடுத்த விலை இது.

இனி நாங்கள் தினமும் கையில் எடுத்த நூலுக்கு வருகிறேன். அதன் பெயர் கேட்கட். 'கேட்' என்று இருப்பதால் பூனைக் குடல் என்று புதிதாக வரும் மாணவிகள் முகம் சுளிப்பார்கள். பூனைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆட்டுக் குடல், மாட்டுக் குடல் சவ்விலிருந்து திரித்த நூல். வயலின் நரம்பும் டென்னிஸ் மட்டையின் நரம்பும் ஒரு காலத்தில் இப்படித்தான் செய்தார்கள். குடல் நூலால் தைப்பது மிகப் பழைய வழக்கம். அதைச் சுத்தமான நூலாக மாற்றியவர் ஸ்காட்லாந்தில் இருந்த ஜோசப் லிஸ்டர். கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொல்லலாம் என்று 1867ல் சொன்னவர் அவர். அந்த மருந்தில் ஊறவைத்த குடல் நூலால் ஒரு கன்றுக்குட்டியின் கழுத்து ரத்தக்குழாயைக் கட்டிப் பார்த்தார். சில வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் சீழ் இல்லை, நூல் இருந்த இடத்தில் புதுத் திசு வளர்ந்திருந்தது. 1869ல் இதை வெளியிட்டார். நூல் சீக்கிரம் கரைகிறதே என்று பிறகு குரோமிக் அமிலத்தில் பதப்படுத்தினார். அதுதான் குரோமிக் கேட்கட்.

பிரசவத் தையலுக்கு அது வரப்பிரசாதம். உள்ளே தைத்த நூலைப் பிரிக்க வேண்டியதில்லை, தானே கரையும். என் தொடக்க காலத்தில் உள்ளே கேட்கட், வெளித்தோலுக்குப் பட்டு நூல் என்று போடுபவர்களும் இருந்தார்கள். அந்தப் பட்டு நூலை ஐந்தாம் நாள், ஆறாம் நாள் பிரிக்க வேண்டும். பிரசவ வலியை வாய் திறக்காமல் தாங்கியவள்கூட, தையல் பிரிக்க வரச் சொன்னால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்வாள்.

கேட்கட்டிலும் ஒரு கஷ்டம் உண்டு. அது மிருகத்தின் புரதம். உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, தன் செல்களையும் என்சைம்களையும் அனுப்பித் தின்று கரைக்கும். அந்தச் சண்டை நடக்கும் இடத்தில் வீக்கமும் சிவப்பும் வலியும் வரும். பாக்கெட்டைப் பிரித்ததும் ஸ்பிரிட் வாடை அடிக்கும். சற்று நேரம் வெளியே வைத்தால் காய்ந்து விறைத்துவிடும். விறைத்த முனை தொடையில் குத்தும். "சிஸ்டர், உள்ளே முள்ளு மாதிரி இருக்கு" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நூல் இப்படி. கத்தரி எப்போது வந்தது? 1742ல் அயர்லாந்தின் டப்ளினில் ஃபீல்டிங் ஓல்ட் என்ற டாக்டர், தலை வாயில் சிக்கிக்கொண்டால் கத்தரியால் வெட்டி வழி விடலாம் என்று தம் நூலில் எழுதினார். சிக்கலான நேரத்துக்குச் சொன்ன யோசனை அது. 1920ல் சிகாகோவின் ஜோசப் டிலீ என்ற பெயர்பெற்ற மகப்பேறு நிபுணர் அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். முதல் பிரசவம் என்றால் முன்கூட்டியே வெட்டி, ஆயுதத்தால் குழந்தையை எடுத்து, ஒழுங்காகத் தைத்துவிடுவது நல்லது என்றார். நேராக வெட்டிய துணி தாறுமாறாகக் கிழிந்த துணியைவிடத் தைக்கச் சுலபம் அல்லவா? அந்த நியாயம் டாக்டர்களுக்குப் பிடித்துப்போயிற்று. பிரிட்டனில் 1970களின் கடைசியில் ஏறத்தாழப் பாதிப் பெண்களுக்கு வெட்டு விழுந்தது. நான் பயிற்சி எடுத்த காலத்திலும் முதல் பிரசவம் என்றால் ட்ரேயில் கத்தரி தயாராக இருக்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, மாணவிகளான நாங்களும் கேட்டதில்லை.

கேட்டவர்கள் இங்கிலாந்துப் பெண்கள். 1981ல் ஷீலா கிட்சிங்கர் என்ற மானிடவியலாளர், வெட்டும் தையலும் பட்ட பெண்களிடமே விசாரித்து அவர்கள் அனுபவத்தை ஒரு சிறு நூலாகக் கொண்டுவந்தார். உட்கார முடியவில்லை, பால் கொடுக்க முடியவில்லை, மாதக்கணக்கில் கணவன் பக்கத்தில் போகவே பயம் என்று அவர்கள் சொன்னார்கள். 1983ல் தாக்கர், பான்டா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1860 முதல் 1980 வரை எபிசியாட்டமி பற்றி ஆங்கிலத்தில் வந்ததையெல்லாம் படித்துப் பார்த்தார்கள். வழக்கமாக எல்லோருக்கும் வெட்டுவதால் நன்மை என்பதற்குச் சரியான ஆதாரம் அந்த 120 ஆண்டு எழுத்திலும் அகப்படவில்லை.

அடுத்த ஆண்டு, 1984ல், ரெடிங் நகரத்தில் ஜெனிஃபர் ஸ்லீப் என்ற மிட்வைஃப் செய்த ஆய்வு வெளியானது. மிட்வைஃப் என்றால் பிரசவம் பார்க்கவே தனியாகப் படித்த நர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், குழந்தைக்கு ஆபத்து என்றால் ஒழிய வெட்டாதே என்று சொன்னார்கள். மற்றதில், கிழிந்துவிடாமல் இருக்க வெட்டு என்று சொன்னார்கள். முதல் பிரிவில் 100க்கு 10 பேருக்கும், இரண்டாம் பிரிவில் 51 பேருக்கும் வெட்டு விழுந்தது. பத்தாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் வலியைக் கேட்டால் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய கிழிசல் இரண்டிலும் அபூர்வம். அப்படியென்றால் அந்த அதிகப்படி வெட்டுகள் எதற்கு?

இந்த ஆய்வின் விடையைவிட எனக்கு அதன் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. பத்தாம் நாள் எப்படி இருக்கிறது? மூன்றாம் மாதம் எப்படி இருக்கிறது? சலெர்னோ தொடங்கி எங்கள் வார்டு வரை, தையல் நல்ல தையலா என்று பார்த்தது தைத்தவர்தான். காயம் சேர்ந்ததா, ரத்தம் நின்றதா, வரிசை அழகாக இருக்கிறதா என்று பார்ப்போம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். தைக்கப்பட்டவளுக்கு அதற்குப் பிறகுதான் எல்லாம் தொடங்குகிறது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைக்க ஆரம்பித்ததும் என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு நல்ல உதாரணம். கேட்கட் விறைப்பாக இருக்கிறதே என்று அதைக் கிளிசரினில் ஊறவைத்து மென்மையாக்கி ஒரு நூல் வந்தது. கைக்கு மெத்தென்று இருந்தது, முடிச்சுப் போடச் சுலபம். தைப்பவர்களைக் கேட்டிருந்தால் இதுதான் உயர்ந்தது என்றிருப்பார்கள். ஜெனிஃபர் ஸ்லீப், ஏட்ரியன் கிராண்ட் முதலானோர் இதைச் சாதாரணக் கேட்கட்டோடு ஒப்பிட்டார்கள். கிளிசரின் நூல் போட்ட பெண்களுக்குப் பத்தாம் நாளில் வலி கூடுதல். மூன்று ஆண்டு கழித்து மறுபடி தேடிப்பிடித்துக் கேட்டார்கள். அப்போதும் தாம்பத்திய உறவில் வலி என்று சொன்னவர்கள் அந்தப் பிரிவில்தான் அதிகம். 1989ல் இந்த முடிவு வெளியானது. பெண்களைக் கேட்காமல் இருந்திருந்தால் இது ஒருநாளும் வெளியே வந்திராது.

இதே காலத்தில் செயற்கை நூல்களும் வந்துவிட்டன. 1970ல் டெக்ஸான், 1974ல் விக்ரில். இவை மிருகப் பொருள் அல்ல. ரசாயனச் சங்கிலிகளை நூலாக இழுத்தது. உடம்பில் உள்ள தண்ணீரே அதை மெல்ல மெல்ல உடைத்துவிடும், செல்கள் படையெடுத்து வரத் தேவையில்லை. ஆகவே வீக்கம் குறைவு. பிரிஸ்டலில் சவுத்மீட் மருத்துவமனையில் 1500க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒப்பிட்டு 1989ல் வெளியிட்டார்கள். இப்ஸ்விச் நகரில் 1780 பெண்களிடம் ஒப்பிட்டு 1998ல் வெளியிட்டார்கள். தொடக்க நாட்களின் வலி செயற்கை நூலில் குறைவு என்றே தெரிந்தது. ஒரே ஒரு குறை, நூல் சீக்கிரம் போகாது. காயம் இரண்டு வாரத்தில் ஆறிவிட, நூல் இரண்டு மாதம் வரை கிடந்து உறுத்தும். பிரித்துவிடச் சொல்லிச் சிலர் திரும்பி வருவார்கள். அதற்காகவே அதே விக்ரிலைக் கதிர்வீச்சில் வைத்து வலுவைக் குறைத்து விக்ரில் ரேப்பிட் செய்தார்கள். ஐந்து நாளில் பாதி வலு போகும், ஆறு வாரத்தில் நூலே இராது. இந்த இடத்துக்கு அவ்வளவு நாள் போதும்.

இப்ஸ்விச் ஆய்வில் இன்னொரு சங்கதி உண்டு. வழக்கமான தையல் மூன்று அடுக்கு. உள்வழிக்கு ஒன்று, தசைக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று. அங்கே பாதிப் பேருக்குத் தோலைத் தைக்காமல், இரண்டு விளிம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி மட்டும் விட்டார்கள். தோல் தானே சேர்ந்தது. மூன்றாம் மாதத்தில் தாம்பத்தியத்தில் வலி என்று சொன்னவர்கள் இந்தப் பிரிவில் குறைவு. வலி உணரும் நரம்பு முனைகள் தோலில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே ஊசி போகாவிட்டால் நல்லதுதானே.

நூலைப் பார்த்தாயிற்று, இனித் தைக்கும் விதம். தையல் தெரிந்த பெண்களுக்கு இது உடனே புரியும். நாங்கள் கற்றது தனித்தனித் தையல். ஒரு குத்து, ஒரு முடிச்சு, வெட்டு. அடுத்த குத்து, அடுத்த முடிச்சு. தோலில் மட்டும் நாலைந்து முடிச்சு நிற்கும். இன்னொரு விதம் ஓட்டுத் தையல். ஒரே நூலை எடுத்து உள்வழியில் தொடங்கி, முடிச்சுப் போட்டு நிறுத்தாமல் தசையையும் தைத்து, தோலுக்கு அடியிலேயே ஓட்டிக்கொண்டு மேலே வந்து முடிப்பது. இறுக்காமல், கொக்கி போடாமல் தளர்வாக ஓட்ட வேண்டும்.

எது நல்லது? பிரசவமான இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அந்த இடம் வீங்கும். வீங்கும்போது தனித்தனி முடிச்சு ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் சதையை அறுக்கும். இறுக்கமான ரவிக்கையில் ஒவ்வொரு கொக்கியும் இழுப்பதுபோல. ஓட்டுத் தையலில் இழுப்பு நூல் நெடுகப் பரவிவிடும். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிலீ சொன்ன நியாயமும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆகையால் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணியவர் கிறிஸ்டின் கெட்டில். இவரும் மிட்வைஃப்தான், இங்கிலாந்தில் பீங்கான் பாத்திரங்களுக்குப் பெயர்போன ஸ்டோக் நகரத்துக்காரர். 1542 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தனித்தனித் தையல், மறு பாதிக்கு ஓட்டுத் தையல். நூலிலும் சாதா விக்ரில், ரேப்பிட் என்று இரண்டு வகை. 2002ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பத்தாம் நாளில் வலி இருக்கிறது என்று சொன்னவர்கள் தனித்தனித் தையலில் 100க்கு 44 பேர். ஓட்டுத் தையலில் 26 அல்லது 27 பேர். ரேப்பிட் நூல் போட்டவர்களில், தையலைப் பிரிக்க வேண்டிவந்தவர்கள் வெகு குறைவு. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. அதே ஊசி, அதே கை. ஊசி போகும் பாதையை மாற்றியதில் 100 பேரில் 17, 18 பேர் பத்தாம் நாள் வலியில்லாமல் உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். நூலும் மிச்சம், தனித்தனியாகப் போட்டால் இரண்டு பாக்கெட் ஆகும் இடத்தில் இதற்கு ஒன்று போதும்.

ஒரு ஊர்க் கணக்கை நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். 2012ல் காக்ரேன் என்ற உலக அளவிலான ஆய்வுத் தொகுப்புக் குழுவினர், எட்டு நாடுகளில் 8000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். முதல் பத்து நாள் வலி ஓட்டுத் தையலில்தான் குறைவு என்றது அதுவும். கேட்கட் நூலின் கதை வேறு வழியில் முடிந்தது. மாட்டுப் பித்து நோய் பயத்தால் 2000களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் அது இன்னும் கிடைக்கிறது. விலை குறைவு.

இப்போது பசையும் வந்திருக்கிறது. 1942ல் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்பவர் துப்பாக்கிக் குறி பார்க்கும் கருவிக்குப் பிளாஸ்டிக் தேடியபோது கண்ணில் பட்ட பொருள், எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொண்டது. உபயோகமில்லை என்று தள்ளிவைத்தார். 1958ல் அதுவே உடனே ஒட்டும் பசையாகக் கடைக்கு வந்தது. வியட்நாம் போரில் காயத்தின் மேல் தெளித்து ரத்தத்தை நிறுத்தினார்கள். தோலுக்கு ஏற்றபடி மாற்றிய பசைக்கு அமெரிக்காவில் 1998ல் அனுமதி கிடைத்தது. சின்ன முதல் நிலைக் கிழிசலுக்கும், தசையைத் தைத்த பிறகு மேல்தோலுக்கும் இந்தப் பசையைச் சில நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது, தோலில் ஊசி வேண்டாம். ஆனால் தசையைப் பசையால் ஒட்ட முடியாது, அதற்கு நூல்தான். கடையில் விற்கும் பசை வேறு, இது வேறு. அதை எந்தக் காயத்திலும் வைத்துவிடாதீர்கள்.

வெட்டு விஷயத்திலும் காற்று திரும்பிவிட்டது. எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுவது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் கொடுத்த பரிந்துரைகளில் எழுதியே வைத்திருக்கிறது. தேவையான நேரத்தில் வெட்டத்தான் வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கும்போது அந்த ஒரு வெட்டு உயிரைக் காத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தேவை எது, வழக்கம் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் காரியம்.

இதையெல்லாம் டாக்டர்கள் படிக்கட்டும், நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து வந்த பெண், பத்தாம் நாள் இருப்பது நம் வீட்டு அறையில். ரெடிங்கிலும் ஸ்டோக்கிலும் மிட்வைஃப் போய்க் கேட்ட கேள்வியை இங்கே கேட்க வேண்டியவர்கள் அம்மாவும் பாட்டியும் அத்தையும்தான். நாமோ பத்தியம் பார்க்கிறோம், காதில் பஞ்சு வைக்கிறோம், பூண்டு வதக்கிக் கொடுக்கிறோம். "தையல் எப்படிம்மா இருக்கு, உட்கார முடியுதா?" என்று கேட்பதில்லை. அவள் தானாகச் சொன்னால், "பிள்ளை பெத்த உடம்புன்னா அப்படித்தான், நாங்கள்லாம் பொறுத்துக்கலையா" என்கிறோம்.

கேளுங்கள். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினால், காய்ச்சல் அடித்தால், கெட்ட வாடை வந்தால், தையல் விட்டுப்போனது போல இருந்தால், மலத்தையோ காற்றையோ அடக்க முடியவில்லை என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னால், மறுநாள் என்று தள்ளாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மலம் இறுகாமல் இருக்கத் தண்ணீரும் காய்கறியும் பழமும் கொடுங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்தால் முதலில் அனுபவிப்பது அந்தத் தையல்தான். இடத்தைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்தும் வலி இருந்தால், அதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான், வெட்கப்பட வேண்டியது அல்ல.

பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடமோ நர்ஸிடமோ, "வெட்டு அவசியம் என்றால்தானே போடுவீர்கள்? என்ன நூல் போடுவீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்பதிலும் தவறில்லை. நான் டியூட்டியில் இருந்தபோது அப்படிக் கேட்ட குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பெண்களுக்குத் தைக்கும்போது எங்கள் கை இன்னும் கொஞ்சம் நிதானமாகத்தான் போயிற்று.